பட்டனை அழுத்தினால் போதுமா? பிளாஸ்மா கட்டரை முதல்முறை கையில் எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கிரில் கேட் பட்டறை முதல் பஸ் பாடி கட்டும் ஷெட் வரை, இரும்பு வெட்டும் இடங்களில் இப்போது பரவலாகப் பார்க்க முடிகிற கருவி பிளாஸ்மா கட்டர். கேஸ் சிலிண்டர் வேண்டாம். இரும்பை முன்கூட்டியே சூடாக்க வேண்டாம். மெஷினை ஆன் செய்து, டார்ச்சில் இருக்கும் பட்டனை அழுத்தி நகர்த்தினால் 6 மி.மீ. இரும்புத் தகடும் வாழைமட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்துவிடும்.

பார்க்க இவ்வளவு சுலபமாக இருப்பதில்தான் சிக்கலே இருக்கிறது. கேஸ் கட்டிங் கற்க வேண்டும் என்றால் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று வால்வையும் தீயையும் சொல்லிக் கொடுப்பார். பிளாஸ்மா கட்டர் விஷயத்தில் பலர் அந்தக் கட்டத்தையே தாண்டிவிடுகிறார்கள். மெஷினை வாங்கி, ஒரு வீடியோ பார்த்துவிட்டு, மறுநாளே வேலையில் இறங்கிவிடுகிறார்கள். டிப் ஒரே நாளில் எரிந்துபோவது, ராத்திரி கண்ணைத் திறக்க முடியாமல் தவிப்பது, பழைய டிரம் வெட்டும்போது வெடிப்பது என எல்லாவற்றுக்கும் காரணம், விட்டுப்போன அந்த அடிப்படைப் பாடங்கள்தான்.

அந்தப் பாடங்கள் என்னென்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிளாஸ்மா என்றால் என்ன?

திடம், திரவம், வாயு என்று பள்ளியில் படித்திருப்போம். வாயுவை இன்னும் கடுமையாகச் சூடாக்கினால், அதன் அணுக்களில் இருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து வந்துவிடும். அந்த நிலைக்குப் பெயர்தான் பிளாஸ்மா. சாதாரணக் காற்றில் கரன்ட் பாயாது, பிளாஸ்மாவில் பாயும். வானத்தில் பளிச்சிடும் மின்னலும், வீட்டு டியூப் லைட்டுக்குள் ஒளிர்வதும் பிளாஸ்மாதான்.

பிளாஸ்மா கட்டரில் நடப்பதும் இதுவே. கம்ப்ரசரில் இருந்து வரும் காற்று, டார்ச்சின் உள்ளே மின்பொறியைக் கடந்து, மிகச் சிறிய துளை வழியாகப் பீறிட்டு வெளியேறுகிறது. துளை குறுகலாக இருப்பதால் வெப்பமும் வேகமும் ஒரே புள்ளியில் குவிகிறது. அந்தக் கற்றையின் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். சூரியனின் மேற்பரப்பு வெப்பமே சுமார் 5,500 டிகிரிதான்.

அந்த வெப்பம் உலோகத்தை உருக்குகிறது. பின்னாலேயே வரும் காற்று உருகியதைக் கீழே ஊதித் தள்ளுகிறது. ஆக, இது கத்தி மாதிரி அறுப்பதில்லை. உருக்கி, ஊதி, வழி உண்டாக்குகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாப் பாடமும் எளிதில் புரியும்.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு 1957இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் கேஜ். அவர் வேலை பார்த்தது யூனியன் கார்பைடு நிறுவனத்தில். போபால் விஷவாயு விபத்தால் நமக்குத் தெரிந்த அதே நிறுவனம்தான்.

கேஸ் கட்டிங் இருக்கும்போது இது எதற்கு?

கேஸ் கட்டிங்கில் இரும்பு வெறுமனே உருகுவதில்லை, ஆக்சிஜனில் எரிகிறது. எரிந்து உண்டாகும் இரும்பு ஆக்சைடு, இரும்பைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகி வழிந்துவிடும். அதனால்தான் வெட்டு தொடர்ந்து முன்னேறுகிறது.

அலுமினியத்தில் கதை தலைகீழ். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் அதன் மேல் படியும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் குரோமியம் ஆக்சைடு இதே மாதிரி குறுக்கே நிற்கும். ஆகவே இந்த இரண்டையும் சாதாரண கேஸ் டார்ச்சால் ஒழுங்காக வெட்ட முடியாது.

பிளாஸ்மாவுக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. கரன்ட் கடத்தும் உலோகம் எதுவானாலும் வெட்டும். இரும்பு, எஸ்.எஸ்., அலுமினியம், செம்பு, பித்தளை எல்லாமே இதில் அடக்கம். மெல்லிய ஷீட்டில் வெப்பம் பரவுவதற்குள் வெட்டு முடிந்துவிடுவதால் ஷீட் வளைவதும் குறைவு.

அதற்காக கேஸ் கட்டிங் தேவையில்லை என்று ஆகிவிடாது. 50 மி.மீ. கனமுள்ள சாதாரண இரும்புத் தகட்டை வெட்ட, பட்டறையில் இருக்கும் சிறிய பிளாஸ்மா மெஷின் உதவாது. அங்கே கேஸ் கட்டிங்தான் கைகொடுக்கும்.

டார்ச்சுக்குள் என்ன இருக்கிறது?

முதல்முறை பழகுபவர், மெஷினை ஆன் செய்வதற்கு முன்பே டார்ச்சின் தலையைக் கழற்றி மாட்டிப் பழகுவது நல்லது. உள்ளே நான்கு முக்கியமான பாகங்கள் இருக்கும்.

• எலக்ட்ரோடு: செம்பால் ஆனது. நுனியின் நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகம் பொட்டு மாதிரி பதிக்கப்பட்டிருக்கும். காற்றில் டங்ஸ்டன் சீக்கிரம் எரிந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

• டிப்: செம்பு மூடி. நடுவில் இருக்கும் நுண்ணிய துளை வழியாகத்தான் பிளாஸ்மா வெளியே வருகிறது.

• ஸ்வர்ல் ரிங்: காற்றைச் சுழற்றி அனுப்பும் வளையம். சுழலும் காற்று, தீக்கற்றையை நேராகவும் குறுகலாகவும் பிடித்து வைக்கிறது.

• வெளி மூடி: உள்ளே இருப்பவற்றை இறுக்கிப் பிடித்து, தெறிக்கும் பொறியில் இருந்து காப்பாற்றுகிறது.

டிப்பும் எலக்ட்ரோடும் தேய்ந்து தீர்ந்துபோகும் பொருட்கள். கிரைண்டருக்குக் கட்டிங் வீல் எப்படியோ, இதற்கு இவை அப்படி. எலக்ட்ரோடின் நடுப்பொட்டில் சுமார் 1.5 மி.மீ. ஆழத்துக்குக் குழி விழுந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். டிப்பின் துளை வட்டம் மாறி நீள்வட்டமாகத் தெரிந்தால், அதற்கும் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று விட்டால், எலக்ட்ரோடு திடீரென எரிந்து டார்ச் தலையையே கெடுத்துவிடும். மிச்சம் பிடிக்கப் போனது டிப் விலை, செலவாவது டார்ச் விலை.

டிப்பின் துளை அளவு ஆம்பியரைப் பொறுத்து மாறும். 40 ஆம்பியர் டிப்பை மாட்டிவிட்டு மெஷினில் 60 வைத்தால், டிப் கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

முதல் பாடம் காற்று

புதிதாக வருபவர்கள் மெஷினைப் பார்த்து வாங்குவார்கள். கம்ப்ரசரைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் வெட்டு சரியில்லை என்ற புகார்களில் பெரும்பாலானவற்றை ஆராய்ந்தால் காற்றில்தான் போய் நிற்கும்.

கையில் பிடித்து வெட்டும் சிறிய மெஷின்கள் பொதுவாக 4.5 முதல் 6 பார் வரை பிரஷர் கேட்கும். சரியான அளவு மெஷினுடன் வரும் கையேட்டில் இருக்கும். அந்த அளவை, காற்று டார்ச் வழியாக ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். காற்று நின்றிருக்கும்போது மீட்டர் 6 காட்டும். பட்டனை அழுத்தியதும் 3-க்கு இறங்கிவிடும். சின்ன கம்ப்ரசர்களில் இது அடிக்கடி நடக்கும். வெட்டு தொடக்கத்தில் நன்றாக இருந்து, நீளப் போகப் போக மோசமானால் முதல் சந்தேகம் கம்ப்ரசர் மேல்தான் விழ வேண்டும்.

அடுத்தது ஈரம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றில் இருக்கும் ஈரம் முழுவதும் கம்ப்ரசர் டேங்கில் தண்ணீராகச் சேரும். அந்தத் தண்ணீர் டார்ச்சுக்குள் போனால் ஆர்க் தடுமாறும், டிப் வேகமாகத் தேயும். செய்ய வேண்டியது இரண்டே விஷயங்கள். தினமும் வேலை தொடங்கும் முன் டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை இறக்கிவிடுவது. மெஷினுக்கு முன்னால் ஈரத்தையும் எண்ணெயையும் பிடிக்கும் ஃபில்டர் போடுவது.

காற்று சுத்தமாக வருகிறதா என்று எப்படித் தெரியும்? ஹோஸை மெஷினில் மாட்டும் முன், ஒரு வெள்ளைப் பேப்பரில் சற்று நேரம் காற்றடித்துப் பார்த்தால் போதும். ஈரத் துளியோ எண்ணெய்க் கறையோ விழுந்தால் காற்று தயாராகவில்லை.

கரன்டில் கவனிக்க வேண்டியது

"வெல்டிங் மெஷினில் வேலை பார்த்தவன், இதில் என்ன ஷாக் அடிக்கப் போகிறது?" என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கேதான் பெரிய வித்தியாசம். வெல்டிங் மெஷினில் வெல்டிங் நடக்காத நேரத்தில் ஹோல்டரில் இருக்கும் வோல்டேஜ் 100-க்குள் இருக்கும். பிளாஸ்மா கட்டரில் அது 250 வோல்ட்டைத் தாண்டும். உயிரைப் பறிக்கப் போதுமான அளவு. ஆகவே டிப் மாற்றும்போது சுவிட்சை மட்டும் ஆஃப் செய்தால் போதாது. பிளக்கையே கழற்றிவிட வேண்டும். ஈரத் தரையில் நின்று, வியர்வைக் கையோடு டார்ச்சைத் தொடவே கூடாது.

40 ஆம்பியர் மெஷின் என்றால் அது வெளியே கொடுக்கும் அளவு. வீட்டு லைனில் அது முழு வேகத்தில் ஓடும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கலாம். வீட்டில் கிரைண்டர், கீசருக்குப் போடும் பிளக்கில் மாட்டினால் டிரிப் ஆகும், ஒயர் சூடாகும். தனி லைனும், தகுந்த கனமுள்ள ஒயரும் அவசியம்.

எர்த் கிளாம்ப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. அது கட்டடத்தின் எர்த் இல்லை. மெஷினில் இருந்து கிளம்பும் கரன்ட் வெட்டும் தகடு வழியாகத் திரும்பி வரும் பாதை. அதனால் கிளாம்ப் போடும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, வெட்டப்படும் தகட்டிலேயே மாட்ட வேண்டும். வெட்டியதும் கழன்று விழப்போகும் துண்டில் மாட்டக் கூடாது. துண்டு விழும் நேரத்தில் கரன்ட் பாதை அறுந்துவிடும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் மெஷின் பக்கத்தில்கூடப் போகக் கூடாது.

கூலிங் கிளாஸ் போட்டால் போதாதா?

போதாது. பிளாஸ்மா ஆர்க்கில் இருந்து வரும் புற ஊதாக் கதிர், கண்ணின் கருவிழியைச் சுட்டுவிடும். வெட்டும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், தண்ணீர் வடியும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. அப்படி ஆனால் கண்ணில் பால் விடுவது போன்ற கைவைத்தியங்களைத் தவிர்த்து, கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணாடியின் கருமையை ஷேடு எண்ணால் குறிப்பார்கள். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் பரிந்துரைப்படி 20 முதல் 40 ஆம்பியர் வரை ஷேடு 5, 40 முதல் 60 வரை ஷேடு 6, அதற்கு மேல் 300 வரை ஷேடு 8. வெட்டும் கோடு தெளிவாகத் தெரிகிறது என்றால், பழகுபவர் ஒரு படி அதிகக் கருமையைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆர்க்கை நேராகப் பார்க்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்ப்பருக்கும் கண்ணாடி வேண்டும். சாலையோரப் பட்டறை என்றால், வேடிக்கை பார்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு மறைப்புத் தகடாவது வைக்க வேண்டும்.

உடை விஷயத்தில் நம் ஊர்ப் பட்டறைகளின் பலவீனம் செருப்பும் பாலியஸ்டர் துணியும். பாலியஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்கை பருத்திச் சட்டை, மடிப்பு இல்லாத பேன்ட், தோல் கையுறை, கணுக்காலை மூடும் தோல் ஷூ ஆகியவை கட்டாயம். சட்டைப் பையில் லைட்டர் இருக்கக் கூடாது. பீறிடும் காற்றின் சத்தம் காதைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கும். காதில் செருகும் பிளக்கும் வேண்டும்.

முதல் வெட்டை எங்கே தொடங்குவது?

நல்ல வேலையில் கை வைக்காமல், 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள கழிவு இரும்புத் தகட்டில் தொடங்குவது சரி. மிக மெல்லிய ஷீட் பழகுவதற்கு ஏற்றதல்ல. கை ஒரு நொடி தயங்கினாலும் ஓட்டை பெரிதாகிவிடும்.

1. முதலில் பட்டனை அழுத்தாமல், சாக்பீஸ் கோட்டின் மேல் டார்ச்சைத் தொடக்கம் முதல் முடிவு வரை நகர்த்திப் பாருங்கள். பாதி வழியில் கை முட்டுகிறதா, கேபிள் இழுக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

2. தகட்டின் விளிம்பில், டிப்பின் துளை பாதி வெளியே இருக்கும்படி டார்ச்சைச் செங்குத்தாகப் பிடியுங்கள். டார்ச் பிடிக்காத கை தகட்டுக்குக் கீழே போகவே கூடாது.

3. பட்டனை அழுத்தியதும் சிறிய பைலட் ஆர்க் கிளம்பும். தகட்டைத் தொட்டதும் அது முழு ஆர்க்காக மாறும். தகட்டுக்கு அடியில் பொறி கொட்டுவதைப் பார்த்த பிறகே நகர வேண்டும்.

4. டார்ச்சில் உரசி நகர்த்தும் மூடி இருந்தால் தகட்டில் வைத்தே இழுக்கலாம். இல்லையென்றால் 1.5 முதல் 3 மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். தள்ளுவதைவிடத் தன்னை நோக்கி இழுப்பது புதியவர்களுக்குச் சுலபம்.

5. முடிவில் ஒரு கணம் நிதானித்து, அடிப்பகுதியும் அறுந்த பிறகு பட்டனை விடுங்கள். பட்டனை விட்ட பிறகும் சில நொடிகள் காற்று வந்துகொண்டே இருக்கும். அது டார்ச்சைக் குளிர வைப்பதற்காக. அந்த நேரத்தில் மெஷினை ஆஃப் செய்யக் கூடாது.

நேர்கோடு வர ஓர் ஆங்கிள் இரும்பைத் தகட்டில் கிளாம்ப் செய்து, அதை ஒட்டி டார்ச்சை ஓட்டலாம். டிப்பின் மையத்துக்கும் மூடியின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, அந்த அளவுக்கு ஆங்கிளைத் தள்ளி வைக்க வேண்டும். வெட்டும் இடத்தில் சுமார் 1.5 மி.மீ. உலோகம் உருகிப் போய்விடும். அளவு எடுக்கும்போது அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேகம் சரியா என்பதைப் பொறி சொல்லும்

பிளாஸ்மா கட்டிங்கில் கற்க வேண்டிய உண்மையான கைவேலை இதுதான். எவ்வளவு வேகத்தில் நகர்த்த வேண்டும் என்று யாராலும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. தகட்டுக்கு அடியில் பொறி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பழக வேண்டும்.

• பொறி நேராகக் கீழே கொட்டினால் வேகம் குறைவு. அடிவிளிம்பில் தடித்த பிசிறு குமிழ் குமிழாகத் தொங்கும். சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

• பொறி சற்றே பின்னோக்கிச் சாய்ந்து, 15 முதல் 30 டிகிரி வரை சரிவாகப் போனால் வேகம் சரி. பிசிறு மிகக் குறைவாக இருக்கும்.

• பொறி மேல் பக்கமாகத் திரும்பித் தெறித்தால் வேகம் அதிகம். பிளாஸ்மா தகட்டை ஊடுருவவில்லை. மெல்லிய பிசிறு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். கிரைண்டர் போட்டால்தான் போகும்.

முதல் நாள் பயிற்சிக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரே தகட்டில் 15 செ.மீ. நீளத்துக்கு மூன்று வெட்டுகள் போடுங்கள். ஒன்று மெதுவாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று வேகமாக. ஆறியதும் திருப்பி அடிப்பக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பிசிறின் வடிவமும் வெட்டு முகத்தில் தெரியும் கோடுகளின் சாய்வும் நடந்த எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

தகட்டின் நடுவில் துளை போடுவது எப்படி?

புதியவர்கள் அதிகம் டிப் எரிப்பது இங்கேதான். டார்ச்சை நேராக வைத்துப் பட்டனை அழுத்தினால், உருகிய இரும்புக்குக் கீழே போக வழி இருக்காது. அது மேலே தெறித்து நேராக டிப்பிலேயே ஒட்டும்.

சரியான முறை இது. டார்ச்சை 30 முதல் 45 டிகிரி சாய்த்து, பொறி உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் எதிர்த்திசையில் போகும்படி தொடங்குங்கள். அப்படியே மெதுவாக நிமிர்த்துங்கள். அடியில் பொறி கொட்டியதும் வெட்டத் தொடங்கலாம். துளையை எப்போதும் கழிவாகப் போகும் பகுதியில் போட்டு, அங்கிருந்து கோட்டுக்கு வர வேண்டும். விளிம்பில் இருந்து வெட்ட முடிகிற கனத்தை எல்லாம் நடுவில் துளைக்க முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கோணலாகவும் வருவது ஏன்?

இது பெரும்பாலும் கையின் குறை கிடையாது. டார்ச்சுக்குள் காற்று சுழன்று வருவதால், வெட்டின் இரண்டு பக்கத்துக்கும் வெப்பம் சமமாகப் போவதில்லை. பெரும்பாலான டார்ச்களில், நகரும் திசைக்கு வலது பக்கம் இருக்கும் முகம்தான் நேராக வரும். ஆகவே தேவையான துண்டு வலப்பக்கமும், கழிவு இடப்பக்கமும் இருக்கும்படி திட்டமிட வேண்டும். வட்டத் தகடு வேண்டுமென்றால் கடிகாரம் சுற்றும் திசையில் வெட்ட வேண்டும். தகட்டில் வட்டத் துளை வேண்டுமென்றால் அதற்கு எதிர்த்திசை.

இரண்டு பக்கமுமே கோணலாக இருந்தால் டிப் தேய்ந்திருக்கலாம், அல்லது டார்ச் தகட்டில் இருந்து அதிக உயரத்தில் இருக்கலாம். ஆர்க்கில் பச்சை நிறம் எட்டிப் பார்த்தால் எலக்ட்ரோடு தீரும் நிலையில் இருக்கிறது.

புகையைச் சாதாரணமாக நினைக்கலாமா?

கூடாது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் 2017இல் சேர்த்தது. உலோகத்தை ஆர்க்கால் உருக்கும் பிளாஸ்மா கட்டிங்கிலும் அதே வகைப் புகைதான் கிளம்புகிறது.

எஸ்.எஸ். வெட்டும்போது வரும் புகையில், புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும். ஜி.ஐ. ஷீட் வெட்டினால் துத்தநாகப் புகை வரும். அதை அதிகம் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். பலர் அதை வைரஸ் காய்ச்சல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பெயின்ட் அடித்த தகடு, பெட்ரோல் வகை திரவமோ குளோரின் கலந்த கிளீனரோ போட்டுத் துடைத்த தகடு ஆகியவற்றையும் அப்படியே வெட்டக் கூடாது. குளோரின் கலந்த கிளீனர், ஆர்க்கின் கதிர் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறக்கூடும்.

வாழைப்பழம் சாப்பிட்டு, பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. பழமும் பாலும் வயிற்றுக்குப் போகின்றன. புகை போவது நுரையீரலுக்கு. மூக்கில் கைக்குட்டை கட்டுவதும் பயன் தராது. காற்றோட்டமான இடம், புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபேன், உலோகப் புகைக்கான ஃபில்டர் மாஸ்க் ஆகிய மூன்றும்தான் உதவும்.

எதை வெட்டவே கூடாது?

டீசல், தின்னர், பெயின்ட், எண்ணெய், ரசாயனம் இருந்த பழைய டிரம்கள். வண்டிகளின் பெட்ரோல் டேங்க். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத எந்தப் பாத்திரமும்.

காலி டிரம்தானே என்று நினைப்பதுதான் ஆபத்து. நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் மோசம். அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் திரவம் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து, பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும். சாதாரண வெப்பத்தில் ஆவியாகாத கெட்டி எண்ணெய்கூட, பிளாஸ்மா வெப்பம் பட்டால் ஆவியாகிவிடும். மூடியைத் திறந்து வைப்பதோ ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவுவதோ பாதுகாப்பு இல்லை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 37ஆவது பிரிவிலேயே இதைச் சொல்லியிருந்தது. தீப்பற்றும் பொருள் இருந்த டேங்க் அல்லது பாத்திரத்தில், அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் முழுமையாக நீக்கும் நடவடிக்கை எடுக்காமல் வெப்பம் உண்டாக்கும் வெல்டிங், கட்டிங் வேலை எதுவும் செய்யக் கூடாது என்பதே அந்த விதியாக இருந்தது. டிரம்மை வாங்கி வந்து "ஒரு நிமிஷ வேலைதானே, பாதியா வெட்டிக் கொடுங்க அண்ணே" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லவும் முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டும்.

இருபக்கமும் அடைத்த குழாய், ஷாக் அப்சார்பர் ஆகியவையும் இதே பட்டியலில் சேரும். உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து வெடிக்கலாம்.

பொறி 10 மீட்டர் தூரம் வரை பறக்கும். அந்தச் சுற்றளவில் சாக்கு, மரத்தூள், தின்னர் டப்பா, கேஸ் சிலிண்டர் எதுவும் இருக்கக் கூடாது. வேலை முடிந்த பிறகு குறைந்தது அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து கவனிக்க வேண்டும். மூலையில் விழுந்த ஒரு பொறி, ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போன பிறகு தீயாக மாறிவிடலாம்.

மெஷின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விளம்பரத்தில் இரண்டு கனம் சொல்வார்கள். ஒன்று, நிமிடத்துக்கு சுமார் 500 மி.மீ. வேகத்தில் சுத்தமாக வெட்டக்கூடிய கனம். இன்னொன்று, மிக மெதுவாக நகர்த்தி எப்படியாவது அறுத்துவிடக்கூடிய அதிகபட்ச கனம். தினசரி வேலைக்கு முதல் எண்தான் கணக்கு. டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால், 10 நிமிடத்தில் 6 நிமிடம்தான் தொடர்ந்து வெட்டலாம். மீதி 4 நிமிடம் மெஷின் ஆற வேண்டும். டிப்பும் எலக்ட்ரோடும் உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்பதையும் வாங்கும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

முறையாக எங்கே கற்கலாம்?

ஐ.டி.ஐ.களில் இருக்கும் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. 8ஆம் வகுப்பு தேர்ச்சி பெற்றவர்கள் சேரலாம். வெல்டிங்கோடு கேஸ் கட்டிங், பிளாஸ்மா கட்டிங் பயிற்சியும் அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஏற்கெனவே பட்டறையில் இருப்பவர்கள், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழிவுத் தகட்டில் சில நாள் பழகிய பிறகு வாடிக்கையாளர் வேலையைத் தொடலாம்.

பட்டனை அழுத்தும் முன் 7 கேள்விகள்

பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டியவை இவை.

1. கம்ப்ரசர் டேங்கில் தண்ணீரை இறக்கியாச்சா?
2. காற்று ஓடும்போது பிரஷர் சரியாக இருக்கா?
3. டிப்பும் ஆம்பியரும் பொருந்துதா? எலக்ட்ரோடில் குழி விழுந்திருக்கா?
4. எர்த் கிளாம்ப் சுத்தமான இரும்பில், விழாத பக்கத்தில் இருக்கா?
5. எனக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணாடி, ஷூ, பருத்தி உடை இருக்கா?
6. சுற்றி 10 மீட்டரில் தீப்பிடிக்கும் பொருள் இருக்கா? புகை வெளியே போக வழி இருக்கா?
7. வெட்டப்போகும் பொருளுக்குள் முன்பு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியுமா?

ஏழாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், டார்ச்சைக் கீழே வைத்துவிட வேண்டும்.